கையுறைக்குள்

ஐந்து சொற்கள் சொன்னாள் தினூஷி, சிங்களத்தில்.
குடை, தேசிக்காய், ஏணி, சவர்க்காரம், மணி.
திரும்பச் சொல்லு என்றாள்.
நிஸ்தார் ஐஸ் பெட்டியின்மேல் உட்கார்ந்து
அவள் வாயையே பார்த்தான்,
தூரத்து பஸ்ஸின் பலகையைப் படிக்க முயல்பவன்போல்.

அவளுக்குப் பின்னால் நான்.
குடை விரித்தேன். தேசிக்காய் பிழிந்தேன்.
இல்லாத ஏணியில் இரண்டு படி ஏறினேன்.
கையுறையோடு கைகழுவினேன்.
மணி அடித்தேன்.
எந்தப் பாதி? இரண்டு விரல்.
கடைசி கோல் எத்தனையாம் இலக்கம்? ஒன்பது விரல்.
தாளில் சரி போட்டாள்.
அவன் எழுந்து ஓட,
சுகததாச கூரையின் காகங்கள்வரை
ஆரவாரம் போனது.

அது மூன்றாவது.
முதலாவது களனியில், கோல் கம்பத்தில்.
இரண்டாவதை யாரும் எண்ணவில்லை, அன்று வென்றோம்.
மூன்றாவது என்னுடையது.
'விடு!' என்று நான் கத்தியபோது
என் முஷ்டி ஏற்கெனவே கிளம்பியிருந்தது,
பந்துக்கு முன்னால் அவன் நெற்றி இருந்தது.
ஞாயிற்றுக்கிழமை கெய்சர் தெருவில்
பூட்டிய கடையின் தகரக் கதவில் யாரோ மோதியதுபோல் ஒரு சத்தம்.
அது எனக்கு மட்டும் கேட்டது.

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் சுத்தம் என்றார்கள்.
மகளின் தேர்ச்சி அறிக்கைபோல அந்தப் படத்தை
ஒவ்வொருவருக்கும் காட்டினான்.
படத்தில் விழாதவை சில உண்டு.
துறைமுகத்தில் கொள்கலன் எண்ணை எழுதும்போது
ஆறாம் இலக்கத்தை இருமுறை எழுதினான்.
மட்டக்குளியில் இறங்க வேண்டியவன்
திரும்பிய அதே பஸ்ஸில்
சொய்சாபுரம்வரை போனான்.
குக்கர் விசிலடித்தால் குளியலறை இருட்டில்
காதைப் பொத்திக்கொண்டு உட்காருகிறான்.

இதையெல்லாம் சொன்னது அவன் இல்லை, ஃபர்ஹானா.
போனில், அவன் தூங்கிய பிறகு, மெல்ல.
'நான் செல்லி அவர் நின்டா
சாகும்வரைக்கும் நான்தான் நிப்பாட்டினேன்டு ஈக்கும்.
நீங்க செல்லுங்க, கிளிட்டஸ்.'

முடிவு அவனுடையது என்கிறார் கோச்.
டாக்டருடையது என்கிறார் முகாமையாளர்.
டாக்டர் 'யோசிக்கவும்' என்று எழுதி
கீழே தேதி போட்டிருக்கிறார்.
நானும்தான் யோசித்தேன். பொய் சொல்லக்கூடாது,
முதலில் என்னைப் பற்றித்தான் யோசித்தேன்.
கோணர் கிக் வரும்போது முன்னால் அவன் எழும்பாவிட்டால்
நான் எப்படிப்பட்ட கோல்காப்பாளன் என்று
எல்லாருக்கும் தெரிந்துவிடும்.
என் பெயரில் பாதி அவன் தலை.

ஓய்வு என்றால் கந்தோர்க்காரருக்குக் கேக் உண்டு,
பெயர் பொறித்த மணிக்கூடு உண்டு.
எங்களில் ஒருவன் நின்றால்
அவன் ஆணியில் வேறொருத்தனின் சப்பாத்து தொங்கும்,
அவ்வளவுதான்.
முப்பத்தொரு வயது.
ஒரு மாட்சுக்கு ஆறாயிரம், வென்றால் எட்டு.
அதில்தான் மகளின் ஸ்கூல் வேன் ஓடுகிறது.
இதை வைத்துக்கொண்டு 'நில்லு' என்ற சொல்லை
எந்த வாயால் சொல்வது?

இன்று மறுபடியும் சோதனை. பாஸானால் இறுதிப் போட்டி.
உடைமாற்றும் அறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
'மச்சான், அதே அஞ்சுதான் கேப்பாள். மறந்தா கை காட்டு.
குடை. தேசிக்காய். ஏணி…'
நின்றான்.
கூரையைப் பார்த்தான்.
'தலை கொஞ்சம் பாரமா ஈக்கி, வேறொண்ணுமில்ல.'

தினூஷி புதிய தாளோடு வந்தாள்.
வாளி, சீப்பு, படகு, உப்பு, ஜன்னல்.
கையுறைகளை மாட்டிக்கொண்டு
அவளுக்குப் பின்னால், பழக்கத்தில், போய் நின்றேன்.
பிறகு இரண்டு கைகளையும்
கக்கத்துக்குள் சொருகிக்கொண்டேன்.

'வாளி' என்றான். சரி.
'சீப்பு' என்றான். அதுவும் சரி.
பிறகு அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான்,
பெனால்டி அடிக்க வந்தவன்
நான் எந்தப் பக்கம் பாய்வேன் என்று
பார்ப்பானே, அந்தப் பார்வை.
வெளியே யாரோ சாய்ந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.
அவன் கண்ணை இடுக்கிக்கொண்டான்.
நான் அசையவில்லை.